அசல்

வாய்வழியே குழாய் விட்டுப்
பித்தநாளத்தில் அடைத்திருந்த கல்லை
மதுரையில் எடுத்துப்போட்டார்கள்.
மறுநாளே மூத்திரம் வெளுத்தது.
எனக்குப் பசித்தது.

"வழியைத்தான் துப்புரவு பண்ணியிருக்கிறோம்.
பை உள்ளேதான் இருக்கு, பை நிறையக் கல்.
மூணு நாளைக்குள் அதையும் எடுத்துடலாம்.
வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க"
என்றார் டாக்டர் நாச்சம்மை.

நான் சொன்னேன்.

காரைக்குடிக் கல்லுக்கட்டியில்
அடகுக்கடைக் கணக்கன் நான்
(தெருவின் பெயருக்கே சிரித்தாள் உமையாள்).
இருபத்திரண்டு வருஷம்
பிறத்தியாருக்குத் தவணை எழுதிய கை.
மீட்காத நகைகளுக்குப் பதினெட்டாம் தேதி ஏலம்.
அது முடியட்டும், என் பொறுப்பில் போகிறேன் என்று
அந்தக் கையாலேயே ஒப்பமிட்டேன்.

எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை,
இட்லியும் மிளகு ரசமும்.
பதினைந்து நாள் ஒன்றும் செய்யவில்லை.
பார்த்தாயா என்றேன்.
உமையாள் பதில் பேசவில்லை.
மதுரைக் காகிதங்களை மஞ்சப்பையில் போட்டுக்
கதவு ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

ஏலத்துக்கு முந்தின நாள்
கண்டனூர்ச் சிகப்பி வந்தாள்,
ஒரு ஜோடித் தோட்டுக்கு
ஏழு வருஷமாய் வட்டி மட்டும் கட்டுகிறவள்.
"இந்த மாசமும் தள்ளிட்டேன்ல?"
ரசீது எழுதினேன்.
வட்டி வரவு. அசல் நிலுவை.
எழுதும்போதே வலது விலாவுக்கு அடியில்
யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள்.

அன்றிரவு காய்ச்சல், குளிர்,
போர்வைக்கு மேல் போர்வை.
மஞ்சப்பையோடு ஆம்புலன்ஸில் ஏறினாள் உமையாள்.
திருப்பத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.
தாண்டியதும்
"ஏலம் நாளைக்கு" என்றாள்.

ஒரு மணி நேர வேலை
மூன்றரை மணி நேரம் ஆனதாம்.
வீங்கிய பை ஈரலோடு ஒட்டிக் கிடந்ததாம்.
நாலு துளை போதாமல்
வயிற்றைத் திறக்க வேண்டிவந்ததாம்.
டாக்டர் திட்டவில்லை.
கால்மாட்டில் தொங்கிய அட்டையில்
இருபதாம் நாள் என்று மட்டும் எழுதியிருந்தார்.
அந்த எழுத்தை எனக்குத் தெரியும்.
தவணை கடந்தது என்று
நான் எழுதுவதும் அப்படித்தான்,
சாய்க்காமல், கோபமில்லாமல்.

கற்களைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.
கடைக்குத் திரும்பிய அன்று
ஆளில்லாத நேரம் பார்த்துத்
தங்கத் தராசில் கொட்டினேன்.
மூன்று கிராம் நானூறு மில்லி.
தேய்மானம் கழிக்கவில்லை.

நிமிர்ந்தால் சிகப்பி நிற்கிறாள்,
கையில் சுருட்டிய நோட்டு.
"அது எவ்வளவுக்குப் போகும்?" என்கிறாள்.