ஓரிரு இடங்களில்

ஓரிரு இடங்களில்
இடியுடன் கூடிய மழை, பலத்த காற்று
என்கிறது செய்தி.
மதுரை, தேனி, திண்டுக்கல்.
மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஓரிரு.
அந்த ஓரிடம் எது, இன்னோர் இடம் எது
என்று யாரும் சொல்வதில்லை.

முள்ளிப்பள்ளத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர், குத்தகை.
ஆயிரத்து இருநூறு ரஸ்தாளி.
தார் முற்ற இன்னும் இருபது நாள்.
சித்திரை பிறந்து எட்டு.

கைப்பேசியில் மதுரை என்று அடித்தால்
பெருங்குடி விமான நிலையத்துக் காற்று வருகிறது.
ஓடுதளத்தில் சாய என்ன இருக்கிறது?
போன வருடம் அது
மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று காட்டியபோது
நான் வரப்பில் நின்று
விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
அதற்குமேல் எண்ணவில்லை.

நிவாரணம் கேட்டு வாடிப்பட்டிக்குப் போனேன்.
மழைமானி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிறதாம்.
அன்றைக்கு அதில் விழுந்தது நான்கு மில்லிமீட்டர்.
"காத்துக்கு?" என்றேன்.
காற்றுக்கு எதுவும் வைக்கவில்லை.
எழுத்தர் எழுந்துபோய் மின்விசிறியைக் குறைத்தார்,
காகிதம் பறக்கிறதென்று.

சிக்கந்தர் கிடைத்தது தேடியல்ல,
மோட்டார் ஓடாத எரிச்சலில்.
துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
அவர் நிதானமாகச் சொன்னார்:
"விக்கிரமங்கலம் ஃபீடர் விழுந்துருச்சுக்கா.
அதான் உங்களதையும் நிறுத்தி வச்சிருக்கேன்.
அரை மணியில வந்துரும்."
"கரண்டா?"
"காத்து."

இருபத்தெட்டு நிமிடத்தில் வந்தது.
என்னிடம் இவ்வளவு சரியாக
யாரும் எதையும் சொன்னதில்லை,
கல்யாணத்துக்கு நாள் குறித்த ஜோசியர் உட்பட.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன்.
உசிலம்பட்டி விழுந்தால் ஒரு மணி பத்து நிமிடம்.
விக்கிரமங்கலம் விழுந்தால் அரை மணி.
சோழவந்தான் விழுந்தால் நோட்டை மூடு,
தென்னைக்கடியில் நிற்காதே.
செக்கானூரணி மட்டும் விழுந்தால் நமக்கில்லை,
நாகமலைக்குத் தெற்கே போய்விடும்.
ஒருமுறை போகாமல் திரும்பியது.
அதையும் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில்.

கம்பியில் அணில் செத்தாலும் ஃபீடர் விழும்.
அதற்குத்தான் ஒச்சப்பன்.
கம்பத்தில் ஏறி மேற்கைப் பார்த்துவிட்டு
இறங்கிவந்து கூப்பிடுவார்.
"அணிலுக்கா."
அல்லது, "மேக்க கருத்துருச்சு."
அதற்குமேல் பேச அவருக்கு நேரமிருக்காது.

நேற்று மூன்றரைக்கு
சிக்கந்தரும் ஒச்சப்பனும் நோட்டும் ஒத்துப்போனார்கள்.
பக்கத்துத் தோட்டத்து ரோசலின் கேட்டாள்.
கொடிக்கால் பிச்சைக்கனி கேட்டார்.
ஆறு மணிக்குள் எட்டுப் பேருக்கு
நான்தான் வானிலை என்று ஆகியிருந்தேன்.
சவுக்கு முட்டுக் கொடுத்தோம். கயிறு போதவில்லை.
சேலைக் கிழிசல், பழைய கேபிள் வயர்.
ரோசலின், என் பேச்சை நம்பி,
முற்றாத நாற்பது தாரை வெட்டி
வந்த விலைக்கு வண்டியேற்றினாள்.

அவள் தோட்டத்தில் இலை ஒன்று ஆடியது, நின்றது.
சிறுமலைப் பக்கம் ஒருதரம் உறுமல்.
அவ்வளவுதான்.
அப்புறம் நட்சத்திரம்கூட வந்துவிட்டது,
வெட்கமில்லாமல்.

எட்டு மணிக்கு ரோசலின் வந்தாள்.
கோபமில்லை. அது இன்னும் மோசம்.
"எங்கக்கா போச்சு அது?"
சொல்ல வாயெடுத்தேன்.
ஓரிரு இடங்களில் என்று வந்தது.
வந்த பிறகுதான் கேட்டது எனக்கே.
அந்த வாசகத்தை எழுதுகிறவருக்கும்
எங்கேயோ ஒரு ரோசலின் இருப்பாள் போல,
வெட்டிய தாரோடு.

ஒன்பதரைக்கு சிக்கந்தர் அடித்தார்.
"அணைப்பட்டிப் பக்கம் போயிருச்சுக்கா.
நானூறு மரம்ங்கிறாங்க.
கொறையுமோ கூடுமோ."

நோட்டைத் திறந்தேன்.
உசிலம்பட்டி என்று எழுதியதிலிருந்து
வடக்கே ஒரு கோடு இழுத்தேன்.
அதன் முனையில் எழுத என்னிடம்
ஒரு பெயர் இல்லை, ஒரு எண் இல்லை.
மூன்று நாளாக அந்த மேகம்
அந்த வழியாகத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது,
அணைப்பட்டிக்கு நான் ஒரு போன்கூடப் போடவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் போய்
யாரையாவது கேட்டு வாங்கிவர வேண்டும்.