நீர் என்று எழுதிய குழாய்

கொக்கிம்போ துறைமுகத்தில்
வாள்மீன் என்று விற்கும் துண்டில் பாதி சுறாதான்
என்று ஊரே பேசும்.
"ஊர் பேசட்டும், நாம் பார்ப்போம்" என்றாள்
ஒரியெத்தா டீச்சர்.
ஆறு கடை, ஆறு துண்டு.
நான்காம் துண்டு என் அம்மாவின் கடையில் வாங்கியது.
அதை நான் சொல்லவில்லை.
மூடியின் மேல் 4 என்று மட்டும் எழுதினேன்.

அரிசிமணி அளவு போதும் என்றாள்.
மைகோல் வெட்டினான், நான் நசுக்கினேன்,
சோப்பும் உப்பும் கலந்த நீரில்
மீன் மீனாக இருப்பதை விட்டது.
மையவிலக்கியில் எதிரெதிராக வைக்க வேண்டும் குழாய்களை;
ஒன்று கூடினால் எந்திரம் மேசையில் நடக்கத் தொடங்கும்,
போன வருடம் நடந்ததாம்,
சன்னல் வரை.

பிப்பெட்டுக்கு இரண்டு தடைகள்.
முதல் தடை வரை அழுத்தி, அமிழ்த்தி, மெல்ல விட்டால்
சொட்டு ஏறும்.
இரண்டாம் தடை, கடைசித் துளியையும் வெளியேற்ற.
ஒவ்வொரு முறையும் புது முனை.
ஒவ்வொரு முறையும்,
என்று டீச்சர் பலகையில் எழுதி
அடிக்கோடும் போட்டாள்.

கடைசி இரண்டு குழாய்கள்:
சுறா என்று நிச்சயம் தெரிந்த ஒன்று,
ஒன்றுமே இல்லாத ஒன்று.
அதன் மேல் நீர் என்று எழுதியிருந்தது.
"எல்லாவற்றையும் விட முக்கியமான குழாய் அதுதான்,
அது சும்மா இருக்க வேண்டும்" என்றாள்.

மைகோல் பனிக்கட்டி எடுக்கப் போனான்.
சுறாவைத் தொட்ட முனையை
நான் மாற்றவில்லை.
நீரில் தொட்டேன்.
அவ்வளவுதான். கை நடுங்கக்கூட இல்லை.

தொண்ணூற்று நான்கு டிகிரியில் இழைகள் பிரியும்.
ஐம்பத்தைந்தில் பிரைமர் சுறாவின் எழுத்தைத் தேடும்,
கிடைத்தால் உட்காரும்.
எழுபத்திரண்டில் நொதி நகல் எடுக்கும்.
முப்பது சுற்று.
ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்;
பத்தாம் சுற்றில் ஆயிரம் தாண்டும்.
பிறகு நான் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அகரோஸ் கடற்பாசியிலிருந்து வருவது.
மைக்ரோவேவில் பொங்கியபோது
வகுப்பறை முழுக்க அம்மாவின் ஏப்ரன் வாடை
எனக்கு மட்டும் வந்தது.
ஆறியதும் சீப்பை உருவினோம்,
எட்டுக் குழிகள்.
நீலச் சாயத்தோடு சொட்டு கனத்து இறங்கியது.
மைகோல் இரண்டாம் குழியின் அடியைக் குத்திவிட்டு
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.
கறுப்புக் கம்பியிலிருந்து சிவப்புக் கம்பிக்கு
நாற்பது நிமிடம்.
சிற்றிழை முந்தும், பேரிழை பிந்தும்.

நீல விளக்கு. ஆரஞ்சுக் கண்ணாடி.
ஒன்று, பச்சைக் கோடு.
இரண்டு, மங்கலாக ஏதோ.
மூன்று, ஐந்து, ஆறு, கோடு, கோடு, கோடு.
நிச்சயச் சுறா, தடித்த கோடு.
நீர், அதே உயரத்தில்
ஒரு கோடு.
நான்கு,
இருட்டு.

அம்மா விற்றது வாள்மீன்தான்.

நான் மூச்சு விடுவதற்குள்
டீச்சர் தாளின் குறுக்கே கோடு கிழித்தாள்.
"நீரே சுறா என்கிறது.
இனி இந்த ஜெல்லில் யார் பேச்சும் எடுபடாது."
"நான்காவது கறுப்பாக இருக்கிறதே" என்றேன்,
குரல் எங்கிருந்தோ வந்தது.
"இருட்டுக்கு ஆயிரம் காரணம். சொட்டு தவறியிருக்கலாம்,
இழையே வராமல் போயிருக்கலாம்.
வியாழக்கிழமை முதலிலிருந்து."

மைகோல் தான் குத்திய குழியை நினைத்து
காதுவரை சிவந்தான்.
"என் தப்பாக இருக்கலாம்" என்றான்.
நான் முனைப் பெட்டியை மூடினேன்.

புதன் மாலை கடைக்குப் போய்
பள்ளிக்கு ஒரு துண்டு வேண்டும் என்றேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
நடுத்துண்டில், முள் இல்லாத இடத்தில்,
அரைக் கிலோ வெட்டித் தாளில் சுற்றினாள்.
அரிசிமணி போதும் அம்மா, என்றேன்.
"அசிங்கமாக அரிசிமணி கொடுப்பார்களா" என்றாள்,
தராசைப் பார்க்காமலே
இன்னும் ஒரு துண்டு வைத்தாள்.