உறைக்குள் புகை

சாயல்குடி தாண்டி, மூக்கையூர் போகும் பாதையில்
மண் பூசிய கரிமூட்டம் ஒன்று
ஒன்பது நாளாய்
வாயை மூடிக்கொண்டு எரிகிறது.

உள்ளே நாலு டன் சீமைக்கருவேலம்.
வெளியே நான்,
கையில் இடுக்கி,
இடுக்கியில் சின்ன முறுக்கு அளவு வெள்ளைத் தாள்.
ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும்.
போகும்போது பால், வரும்போது கண்மை.
விரல் படக் கூடாது, மூச்சும் படக் கூடாது என்று
ஸ்வீடன்காரர்கள் நாற்பது பக்கம் எழுதித் தந்திருக்கிறார்கள்.

இருளாயி மூட்டத்தின் மேலேறி நடக்கிறாள்,
மண் எங்கே இளகுகிறதென்று குதிகாலால் கேட்டபடி.
என்னைவிட நாலு வயது இளையவள்.
"வெள்ளப் பொகைன்னா இன்னும் ஈரம் கெடக்கு.
நீலம் கண்டா ஓட்டைய அடைச்சிரணும்,
இல்லேன்னா கரி சாம்பலாப் போயிரும்.
ஒங்க மிசினு என்ன சொல்லுது?"

அது அடுத்த வருஷம்தான் சொல்லும் என்றேன்.

பெருவிலிருந்து வந்த மாரிசோல்
ஜீப்பை விட்டிறங்கி நேரே மரத்திடம் போனாள்.
முள்ளைப் பார்க்கவில்லை.
நெற்றைப் பறித்துக் கடித்தாள்.
அவள் ஊரில் இதன் அக்காளை வெட்டினால் அபராதமாம்.
நெற்றைக் காய்ச்சிப் பாகெடுத்துப்
பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம்.
வேரோடு பிடுங்கு என்று கோர்ட்டே சொன்ன மரத்தடியில்
மூன்று பேரும் நின்றோம்.
"அங்கயும் ஆடு திங்குமா?"
திங்குமாம்.
"அப்பச் சரி."

தாள்களை உறையிலிட்டேன்.
சென்னைச் சுங்கத்தில் ஒருவர் கேட்டார்:
உள்ளே என்ன?
புகை, சார்.
மதிப்பு?
படிவத்தில் பூஜ்ஜியம் போட்டேன்.
பேனா சுற்றி வந்து சேர
நேரம் எடுத்தது.

இரண்டு மாதம் கழித்து மடல்:
'மாதிரிகளில் சோடியம் அதிகம்.
மாசு கலந்திருக்கலாம், சரிபார்க்கவும்.'
சரிபார்த்தேன்.
கச்சான் காற்று தாளைப் படபடக்க வைத்தது.
உதட்டை நக்கினால் உப்பு.
பதில் போட்டேன்:
அது மாசு இல்லை,
மன்னார் வளைகுடா.

நேற்று குழாய் பொருத்தினோம்.
மூட்டத்தின் புகையை மடக்கித் திருப்பி,
இரும்பு அறையொன்றில் காற்றோடு சேர்த்து
மறுபடி எரிப்பது.
மூன்று நாட்டு நேரத்தில் மூன்று முகங்கள்
என் கைபேசிக்குள் குனிந்திருந்தன.
ஒருத்தருக்கு அங்கே விடியவே இல்லை.
சுவாலை முதலில் சிவந்து குழம்பியது, இருமியது,
சட்டென்று பிடித்துக்கொண்டது.

குழாய் முனையில் ஒன்றுமில்லை.
அதற்கு மேலே வானம் மட்டும்
ஒரு முழத்துக்கு நடுங்கியது.

கைபேசிக்குள் கைதட்டினார்கள்.
இருளாயி தட்டவில்லை.
"பொகையே இல்லேன்னா
உள்ள என்ன நடக்குதுன்னு நான் எதை வச்சுப் பாக்க?"

இங்கிலீஷில் சொன்னேன்.
நெட்வொர்க் போயிருந்தது,
இல்லை, அங்கே யாரும் பேசவில்லை.
கண்ணாடி ஜன்னல் வைக்கலாமா என்று
மாரிசோல் கையால் சதுரம் காட்டினாள்.

அவ்வளவு எதுக்கு என்று
கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கி
இருளாயி குழாயில் வட்டம் போட்டாள்:
இரண்டு விரல் அகலம்,
தன் கண் உயரத்தில்.