நாற்பத்தொன்றாம் ஓசை

சிம் லிம் டவர் மூன்றாம் மாடியில்
வயர்ச் சுருள்களுக்கும் ஒலிபெருக்கிக் கூம்புகளுக்கும் நடுவே
ஆ கியோங் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
ஒன்று பச்சை. ஒன்று சருகு நிறம்.
மூன்றாவதற்கு ஒரு வால் இருந்தது,
பொத்தானை அழுத்தினால் அடிபட்ட முயலாகத் துள்ளியது.

எதைப் பிடிக்க, என்றார்.
நாய், என்றேன்.
லிம் சூ காங் காடைப் பண்ணைக்குள்
இரவில் நுழையும் ஏழு நாய்கள்.
கொல்ல அல்ல. கூண்டு, ஊசி, காதில் ஒரு வெட்டு,
யாராவது கேட்டால் ஒரு வீடு.
எங்கள் வேனில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பச்சைக்கு ரிமோட் ஐம்பது மீட்டர் தாண்டாது.
மழை பட்டால் முடிந்தது;
இந்த ஊரில் மழை படாத பெட்டி எது?
வால் வைத்தது அறுநூற்றுப் பத்து வெள்ளி.
திரு யாப் ரசீதைக் கண்டதும்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.
சருகு நிறத்துக்குத் தொண்டை பெரிது,
ஆனால் உச்சத்தில் கரகரத்தது.
கரகரப்பை மனிதன் மன்னிப்பான். நாய்?

ஓசைப் பட்டியலைப் புரட்டினேன்.
பருத்திவால் முயல், காயம்.
பருத்திவால் முயல், சாகும் தறுவாய்.
புல்வெளி ஓநாய், பெண், அழைப்பு.
மரங்கொத்தி, வலி.
எங்கோ பனி விழும் நாட்டின் சாவுகள்,
எண் போட்டு.
எங்கள் நாய்கள் இவற்றில் ஒன்றையும் கேட்டதில்லை.
அவை அறிந்தது தெங்கா விமானங்களின் உறுமல்,
காட்டுக்குள் சிப்பாய்ப் பையன்களின் வெற்றுத் தோட்டா,
பின்னால் வரும் லாரியின் பீப் பீப்.

நாற்பத்தொன்று மட்டும்: நாய்க்குட்டி, தனியாக.
ஆ கியோங் அழுத்தினார்.
எதிர்க்கடையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவன்
கம்பியைக் கீழே வைத்தான்.
படியேறி வந்த ஒரு பெண்
குனிந்து மேசைகளின் அடியில் பார்த்தாள்.
இதுதான், என்றேன்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.
முந்நூற்று இருபது. பேட்டரி தனி.

வியாழன் இரவு பதினொன்றரை.
ரோஸ்லி கூண்டுக்குப் பின்னால்,
நான் வேனுக்குள், ஆறிப்போன கோப்பி-ஓவோடு.
நாற்பத்தொன்று. இருபது நொடி. நிறுத்தம். மறுபடி.

முதலில் வந்தது ஒரு டார்ச் வெளிச்சம்.
தங்குவிடுதிக்காரர், லுங்கி, ஒற்றைச் செருப்பு.
"அண்ணே, யாரோ பிள்ளையைப் போட்டுட்டுப் போயிட்டாங்களா?"
அடுத்து ஆர்க்கிட் தோட்டத்துப் பர்மியப் பெண், துவாலையோடு.
அடுத்து காவலாளி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.
ரோஸ்லி மறைவிலிருந்து எழுந்து
இரண்டு கையையும் விரித்தான்.
எனக்கு நிறுத்தும் பொத்தான் அகப்படவில்லை.
லுங்கிக்காரர் லாலாங் புல்லை விலக்கி
பெட்டியைத் தூக்கினார்,
தலை பத்திரம் என்பதுபோல் அடியில் கைகொடுத்து.

அப்போது அது வந்தது.
பெட்டை. மடி தொங்கி, பால் கசிந்து.
கூண்டு வாசலில் கோழி ஈரல் கிடந்தது;
அதைத் தாண்டி
நேரே அவர் கையிலிருந்த அழுகையிடம் வந்து
மூக்கை வைத்தது.
நால்வரும் அசையவில்லை.
சுருக்குக் கம்பு ரோஸ்லியின் தோளிலேயே இருந்தது.
நான் பேட்டரியைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினேனாம்,
எனக்கு நினைவில்லை.

படிவத்தில் "பிடிபட்டவை" என்ற கட்டத்தில்
பூஜ்யம் எழுதினேன்.
"காரணம்" கட்டம் மிகச் சிறியது.

சனிக்கிழமை மறுபடி மூன்றாம் மாடி.
மாற்றித் தரமாட்டேன், என்றார் ஆ கியோங்,
வேண்டிய ஓசையை ஏற்றித் தருகிறேன்.
என் கைபேசியை நீட்டினேன்:
எவர்சில்வர் தட்டில் தீனி விழும் சத்தம்,
எங்கள் வீட்டு அடுக்களையில் பதிந்தது,
பின்னணியில் என் மனைவி குழாயை மூடுகிறாள்.

அதற்கு ஐந்து நாய் வந்தன, இரண்டே இரவில்.
அந்தப் பெட்டை வரவில்லை.
புல்லில் பெட்டி இருந்த இடம்
நாலுவிரல் ஆழத்துக்குத் தோண்டிக் கிடந்தது.