கப்பல் வராத பதினோரு நாள்

முதல் நாள் தபாலகத்தில் பதினேழு பேர்.
கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள் சுன்வோ.
"வந்துகொண்டிருக்கிறது" என்றது திரை.
ஜன்னலுக்கு வெளியே கடல்
விடமாட்டேன் என்றது.

அவள் கேட்டிருந்தது மின்கெண்டி.
ஒன்றரை நிமிடத்தில் கொதிக்குமாம்.
பழையதற்கு மூன்று நிமிடம்,
அதன் குற்றம் அவ்வளவுதான்.
பணம் கட்டிய அன்றே தூக்கிப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் ஐந்து பேர்.
கூரைப் புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.
முத்திரை காய்ந்துவிடக் கூடாதென்று
வெறும் தாளில் தேதி குத்திக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் சுன்வோ மட்டும்.
பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.
"மீன் சட்டியில்தான் தண்ணீர் வைக்கிறேன்.
முதலில் அடியில் ஊசிமுனைக் குமிழி.
அப்புறம் சட்டி முனகும்.
அதற்கும் அப்புறம்தான் கொதி.
நாற்பத்திரண்டு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்."
தேநீரில் கொஞ்சம் மீன் வாசம், அதையும் சொன்னாள்.

த்ரோண்டுரின் காதுக்கருவிக்குப் பேட்டரி
அதே கப்பலில்.
மகள் ரெய்க்யாவிக்கிலிருந்து அழைக்கிறாள்,
திரையில் அசையும் வாய்க்கு
அவர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.
நிதானம் நல்லதென்று
அவரிடம் போய் யார் சொல்வது?
சொன்னாலும் கேட்காது.

பன்னிரண்டாம் நாள் சங்கு ஊதிற்று.
நாற்பத்து மூன்று பெட்டிகள்.
பேட்டரியை முதலில் பொறுக்கியெடுத்து
மேட்டு வீட்டுக்கு நானே ஏறினேன்.

மற்றவர்கள் ஆற அமர வந்தார்கள்.
"இதை நானா கேட்டேன்?" என்றான் ஹால்கிர்.
மூன்றாவது ஜோடி ஓட்டக் காலணி.
இந்தத் தீவில் பத்து நிமிடம் நேராக ஓடினால்
கடலில்தான் விழ வேண்டும்.
ஒன்பது பெட்டிகளுக்குத்
திருப்பி அனுப்பும் சீட்டு ஒட்டினேன்.

சுன்வோ திருப்பவில்லை.
காலையில் வேலைக்கு ஓடும்போது கெண்டி,
ராத்திரிக்குச் சட்டி.
தேய்த்துத் தேய்த்து மீன் வாசம் போய்விட்டதாம்.
போனதில் சின்ன வருத்தமும் உண்டாம்.

இரவு பத்து மணிக்கு
ஜன்னல்களில் திரும்பவும் அந்த நீல வெளிச்சம்.
கட்டைவிரல்கள் நடக்கத் தொடங்கிவிட்டன.
வரும் செவ்வாய்க்கிழமை கப்பலுக்கு
இப்போதே முப்பத்தொன்று.

என் பெயருக்கும் ஒன்று வந்திருக்கிறது,
முழங்கால் உயரம்.
என்ன கேட்டேனென்று தானாக நினைவு வரட்டும்,
அதுவரை பிரிப்பதில்லை.
அதன்மேல்தான் வைத்திருக்கிறேன்
தேநீர்க் கோப்பையை.