போக மட்டும்

டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில்
சாலை என்பது மூன்று வெள்ளைக்கோடுகள்.
நாலாவது கோடு மூடுபனிக்குச் சொந்தம்.
பாதாம் தோட்டங்கள், தண்ணீர்த் தொட்டி, தேவாலயம்
எல்லாம் இருக்கின்றன என்று நம்பித்தான் ஓட்டுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு, ஃப்ரெஸ்னோவின் தெற்கு விளிம்பில்
ஒரு மதுக்கடை வாசலில் கைபேசி நிறுத்தியது.
பயணியின் பெயர் டெல்மர்.
கட்டணம் பீர் கம்பெனியின் கணக்கில்.

ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:
"என் டிரக் இங்கேயே நிக்குதே."
நிற்கட்டும் என்றேன்.
"டூல்பாக்ஸ் பின்னால கிடக்கு."
சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்,
குலுக்கிக் குலுக்கி,
அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி.
திரையில் என் பெயரைப் பார்த்து
"சாட்டனிக்கா?" என்றார்.
சாத்தெனிக்.
"ஆர்மீனியப் பெண்ணா? சரி, மெதுவா ஓட்டு."

முன்பெல்லாம் சட்டம் வேறு.
சாராயம் செய்கிறவன் குடிக்கிறவனுக்கு
எதையும் சும்மா கொடுக்கக் கூடாது.
கொடுத்தால் அது தூண்டில் என்றார்கள்,
புழுவுக்குள் முள்ளைப் பார்த்தவர்கள்.
பிறகு சாக்ரமெண்டோவில் யாரோ கை தூக்கி,
யாரோ இருமி, யாரோ காகிதத்தை நாலாக மடித்து,
ஒரே ஒரு சலுகை உள்ளே வந்தது:
சவாரி கொடுக்கலாம்.
என் இரவு ஷிஃப்டில் பாதி
அந்த ஒற்றை வரியின் மேல்தான் ஓடுகிறது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.
சொல்லத் தெரியாமல் இல்லை எனக்கு.
ஆனால் தொட்டிலுக்குள் கிடப்பது பிள்ளை.
எல்லோரும் கிள்ளிய கையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது
யாராவது கயிற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.
பதினான்கு டாலர்.
டிப்ஸ் தனி, பெரும்பாலும் இல்லை.

எல்ம் சாலை வளைவில் வேலியோரம்
ஒரு வெள்ளைச் சிலுவை உண்டு.
கரினே. பள்ளியில் என்னோடு பாஸ்கெட்பால் ஆடியவள்.
எதிரே வந்தவன்தான் குடித்திருந்தான்.
இன்று பனியில் சிலுவை தெரியவில்லை.
தெரியாவிட்டாலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.
"ஏன் நிறுத்துற?"
வளைவு, என்றேன்.

வீடு வந்தது.
அதாவது, அவர் டைப் செய்த முகவரி.
வாசல் விளக்கு எரிந்தது. கதவில் புதுப் பூட்டு மின்னியது.
அவர் இறங்கவில்லை.
"மார்ச் வரைக்கும் இது வீடு.
கூப்பன் கேட்டுச்சு, வீடு எங்கேன்னு.
விரலுக்குத் தெரிஞ்ச விலாசத்தைப் போட்டுட்டேன்."

வீடு என்றால் என்னவென்று கூப்பனில் விளக்கம் இல்லை.
திரையில் பயணம் முடிந்துவிட்டது.
கம்பெனி தன் கடமையைச் செய்துவிட்டுத்
தூங்கப் போய்விட்டது.
வெளியே, தண்ணீர் உறைய இரண்டு டிகிரிதான் பாக்கி.

எங்கே போகணும் என்றேன்.
நெடுநேரம் சாவி மட்டும் பேசியது.
"ஆறு மணிக்கு ஷிஃப்ட். ஃபேக்டரியிலேயே விட்டுடு.
லாக்கர் ரூம்ல பெஞ்ச் இருக்கு."
எந்த ஃபேக்டரி?
சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.
அதில் சிவப்பு நூலால் தைத்திருந்தது
கட்டணம் கட்டிய அதே பெயர்.

அந்தப் பதினொரு மைலுக்கு யாரும் பணம் கட்டவில்லை.
வழியில் ஒருமுறை சொன்னார்,
மூடி போடுகிற மெஷின் தன் பொறுப்பென்று,
நிமிஷத்துக்கு நானூறு பாட்டில் என்று.
பெருமையாகத்தான்.

கேட் விளக்கில் பனி மஞ்சளாக நின்றது.
மால்ட் வேகும் வாசனை, ரொட்டிக்கடை மாதிரி,
கேட்காமலே பசியைக் கிளப்பியது.
இறங்குமுன் எட்டி, சாவியை முன்னிருக்கையில் வைத்தார்.
"நாளைக்கு யாரையாவது கூட்டிக்கிட்டு
நீ அந்தப் பக்கம் போனா..."
கூப்பன் போக மட்டும்தான், என்றேன்.
திரும்ப இல்லை.

"தெரியும்" என்றார்.
கதவைச் சாத்தாமலே நடந்தார்.
மூன்று எட்டில் பனி அவரை எடுத்துக்கொண்டது.
நான் இறங்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
சாவி இன்னும் சூடாக இருந்தது.