மிச்சம்

ஜம்பட்டா வீதியில் என் ஃபோட்டோகொப்பிக் கடை.
சூடேற நாலு நிமிஷம் கேட்கும் மெஷின்.
கண்ணாடிமேல் ஓர் அடையாள அட்டை.
அதன் சொந்தக்காரர் சவரிராயன்
வாசலில் குடையை உதறிக்கொண்டிருக்கிறார்.

381654729.

ஒன்று முதல் ஒன்பதுவரை எல்லோரும் வந்திருக்கிறார்கள்,
யாரும் இரண்டு தரம் வரவில்லை.
அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.
பிறகு கை சும்மா இருக்கவில்லை,
பழுதான தாளின் முதுகில் வகுக்கத் தொடங்கிவிட்டது.

முப்பத்தெட்டு, இரண்டால் போகிறது.
முந்நூற்று எண்பத்தொன்று மூன்றால்.
ஆறு வந்து சேர்ந்ததும் நாலால்.
ஐந்து வந்ததும் ஐந்தால்.
வரிசையில் எத்தனை பேர் நின்றாலும்
அத்தனை பேருக்கும் சரியாகப் பங்கு.
ஏழில் உடையும் என்று காத்திருந்தேன்.
ஏழு லேசில் யாருக்கும் இரங்காது.
இரங்கியது.
எட்டும், ஒன்பதும்.

இந்த ஒன்பது பேரை மாற்றி மாற்றி நிறுத்த
மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து
எண்ணூற்று எண்பது வழி.
இப்படி வகுபடுவது ஒரே ஒரு வழி.
ஒரு பிறந்த வருஷம், ஒரு ஜூன் பதின்மூன்று,
ஏதோவொரு கந்தோரின் வரிசை எண்,
கொடுத்தவர்களுக்கும் தெரியாமல்
கொடுத்துவிட்டார்கள்.

"ஐயா, உங்க நம்பர்..."
"ஏன், பிழையா?"
அவர் கை சட்டைப்பையைத் தடவியது.

"ஆமர் வீதிச் சந்தியில ஒரு பையன்
துனய், அட்டய், எக்கய்னு வோக்கியில வாசிச்சான்.
ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கம் இரைச்சல்.
ஒன்பது வரைக்கும் போக இருபது நிமிஷம்.
முதல் அட்டையில கடைசியில எக்ஸ் இருந்திச்சு,
ஓட்டு இல்லைன்னு அர்த்தம்.
அப்புறம்தான் வீ போட்டாங்க.
நம்பர் என்னவோ அதேதான்."

பத்தாவதாக அந்த இடத்தில்
ஒரு பூச்சியம் இருந்திருந்தால் பத்தாலும் போயிருக்கும்.
சொல்ல நினைத்து, தாளை நீட்டினேன்.

துறைமுகத்தில் மூட்டை எண்ணிய மனுஷன்.
என் பேனையை வாங்கிக்கொண்டு
மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஏழுக்குப் போனார்.
முப்பத்தெட்டில் அஞ்சு, மிச்சம் மூணு.
முப்பத்தொண்ணில் நாலு, மிச்சம் மூணு.
முப்பத்தாறில் அஞ்சு, மிச்சம் ஒண்ணு.
பதினைஞ்சில் ரெண்டு, மிச்சம் ஒண்ணு.
பதினாலில் ரெண்டு.
ஏழில் ஒண்ணு.

மெஷின் மூன்று பிரதிகளைத் துப்பியிருந்தது.
பேனை இன்னும் தாளைவிட்டு எழும்பவில்லை.

"எதுக்கு ஐயா கொப்பி?"
"புது அட்டைக்கு. பன்னிரண்டு நம்பராமே."

193816504729.
முன்னால் ஒரு பத்தொன்பது,
நடுவில் யாரும் கேட்காத ஒரு பூச்சியம்.
இரண்டாம் அடியிலேயே ஒன்று மிஞ்சிவிடும்.
வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

பிரதிகளை உறையில் போட்டார்.
பழுதான தாளை நாலாக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்து,
மேலிருந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"இதையும் சேர்த்து
எவ்வளவு?"